உகாய் திறக்காத கதவு

உகாய்க்கு நூடுல்ஸ் சாப்பிடத் தெரியாது. சூப்பை ஊதி ஊதி ஆறவைத்து, மேலே மிதக்கும் வெங்காயத்தாளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, கடைசியில்தான் நூடுல்ஸில் கை வைப்பார். நின்றபடியே சாப்பிட்டு ஓடுகிற கடை என்னுடையது. அடுத்த ரயிலுக்கு ஓடுகிறவர்கள் பின்னால் வரிசையில் நிற்பார்கள். அவர் அசைய மாட்டார்.

"என்ன ஹிசாயோ சான், இன்னிக்கு தழை ரெண்டே ரெண்டுதான் மிதக்குது? மழைக்கு ஒதுங்கிடுச்சா?"

இதுதான் அவர் நகைச்சுவை. பத்தொன்பது வருஷமாக ஒரே நகைச்சுவை. நானும் பத்தொன்பது வருஷமாகச் சிரித்து, இன்னொரு பிடி தழை போட்டேன். காரணம், கடை இருந்த இடம் அவருடைய கம்பெனிக்குச் சொந்தம். அவரை 'அவர்' என்று எழுதுவதும் அந்தப் பழக்கத்தால்தான்.

மிசோனோபாஷி நிலையத்தில் இரண்டு ரயில்கள் ஓடின. மேலே கிதாமினே கம்பெனியின் ரயில். கீழே சுரங்க ரயில். ஒரே கட்டடத்துக்குள் நிலைய அதிபர்கள் இரண்டு பேர், சீருடை இரண்டு விதம், கடிகாரம்கூட இரண்டு. நடு மண்டபத்தைக் குறுக்கே ஒரு கம்பிக் கதவு பிரித்தது. என் கடை அதை ஒட்டி, இரண்டு பக்கமும் முகம் வைத்திருந்தது. இந்தப் பக்கம் கிதாமினேக்காரர்கள் சாப்பிடுவார்கள், அந்தப் பக்கம் சுரங்கக்காரர்கள். நடுவில் என் கொதிக்கும் பாத்திரம்.

உகாய் நொபுமாசா கிதாமினே பக்கத்தின் உதவி நிலைய அதிபர். பதினெட்டு வயதில் சுரங்க ரயிலில் வேலைக்குப் பரீட்சை எழுதியவர். "அவங்க கூப்பிட்டாங்க, நான்தான் போகல" என்று புது ஆட்களிடம் சொல்வார். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றார் என்று அவரோடு பரீட்சை எழுதிய ஒருவர் என் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தோற்ற ஆத்திரத்தை மனிதர் முப்பது வருஷம் அந்தக் கம்பிக் கதவின் மேல் காட்டினார்.

ஒரு குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் கையுறை கம்பி இடுக்கில் நழுவி அந்தப் பக்கம் விழுந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். உகாய் அவளைத் தடுத்து, காணாமல் போன பொருளுக்கான விண்ணப்பம் கொடுத்து எழுதச் சொன்னார். அந்தப் பக்கம் வேலையில் இருந்த தொசாவா என்ற பெண் வந்து, குனிந்து எடுத்து, கம்பி வழியாகவே நீட்டிவிட்டுப் போய்விட்டாள். உகாய் அன்றே அவள்மேல் புகார் எழுதினார். 'முறைப்படி பதிவு செய்யாமல் பொருளை ஒப்படைத்தது.' எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பிறகு அந்த ஜூலை மழை வந்தது.

காலை எட்டு மணி. எங்கேயோ தண்டவாளத்தில் மண் சரிந்து கிதாமினே ரயில் நின்றுவிட்டது. சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக ரயில் மாறுகிறவர்கள் தெரு வழியாகச் சுற்றி வருவார்கள். அன்று தெருவில் தண்ணீர் ஏறியதால் சுரங்க வாசலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த வழி கம்பிக் கதவு ஒன்றுதான். இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் அந்தக் கதவே இருந்தது. இரண்டு கம்பெனியிடமும் ஒவ்வொரு சாவி.

"தலைமை அலுவலகத்துலேருந்து உத்தரவு வரணும். வந்ததும் திறப்போம். மன்னிக்கணும்" என்று உகாய் கதவை அடைத்துக்கொண்டு நின்று, குனிந்து குனிந்து சொன்னார். வெள்ளைக் கையுறையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

படிக்கட்டில் மேலிருந்து ஆட்கள் வந்து நிறைந்துகொண்டே இருந்தார்கள். ஈரக் குடை, வியர்வை, புழுக்கம். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் போட மாட்டார்கள். ஒருவர் மட்டும், "போன் பண்ணிக் கேக்கலாமே ஐயா?" என்றார்.

"பண்ணியாச்சு. லைன் பிஸியா இருக்கு."

அவர் போன் பண்ணவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

முக்கால் மணி நேரம் ஆனபோது, என் கடைப் பலகையில் சாய்ந்திருந்த கர்ப்பிணி ஒருத்தி அப்படியே சரிந்தாள். பெயர் மினெகிஷி என்று பிறகு தெரிந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். என் கடைக்கு இரண்டு பக்கமும் சிறு கதவு உண்டு. அவளை அந்தப் பக்கம் கூட்டிப்போகத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கடையின் குத்தகையும் கூடவே நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து தொசாவா ஓடி வந்தாள்.

"உகாய் சான், திறங்க."

"உத்தரவு வரல."

"ஆள் விழுந்து கிடக்கறாங்க!"

"என் பக்கத்துலதானே விழுந்திருக்காங்க? உனக்கென்ன?"

தொசாவா தன் சாவியைப் போட்டுத் திருகி, கதவை அவர் முதுகோடு சேர்த்து இழுத்தாள். உகாய் தடுமாறி என் கடை முன்னால் தொங்கும் துணித் திரையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அவரைத் தாண்டிப் போனது. நெரிசல்கூட இல்லை, வரிசையாகத்தான் போனார்கள். தொசாவா மினெகிஷியைத் தோளில் தாங்கிக்கொண்டு போனாள்.

உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திறந்த கதவின் அருகே ஒருவர் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருந்தார். மறுநாள் உகாயின் படம் வந்தது. 'உதவி அதிபரின் சமயோசிதம்.' அவர் மறுக்கவில்லை. தொசாவாவுக்கு, அனுமதியில்லாமல் கதவைத் திறந்ததற்காக எழுத்துமூலக் கண்டிப்பு வந்தது. அதற்குக் காரணமான புகாரை எழுதியதும் உகாய்தான். ஒரே கதவுதான். திறந்த பெருமை அவருக்கு, திறந்த குற்றம் அவளுக்கு.

இலையுதிர்காலத்தில் மினெகிஷி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு வந்தாள். பத்திரிகையில் பார்த்த முகத்தைத் தேடிப் போனாள். உகாய் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி, "கடமையத்தானேம்மா செஞ்சேன்" என்றார். அவள் என் கடைக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே, "எவ்வளவு அடக்கமான மனுஷன்!" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"திறந்தது அவரு இல்லம்மா. அடைச்சுக்கிட்டு நின்னவரு அவரு. திறந்து உங்களத் தாங்கிட்டுப் போனது அந்தப் பக்கத்துப் பொண்ணு தொசாவா."

அவள் சாப்பிட்டு முடிக்கவில்லை. போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தொசாவாவிடம் கொடுத்து, தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தாள். உகாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஒரு அளவுகோலோடு வந்தார்.

"திரை நாலு சென்டிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு, ஹிசாயோ சான்."

"பத்தொன்பது வருஷமா நீட்டிக்கிட்டுதான் இருக்கு."

"அதான் சொல்றேன். ரொம்ப நாளா நடக்கற தப்பு."

நான் திரையை வெட்டினேன். அவரால் முடிந்த பழிவாங்கல் நாலு சென்டிமீட்டர்.

அடுத்த மார்ச்சில் உகாய் ஓய்வுபெற்றார். கதவின் இரண்டு பக்கத்து ஊழியர்களும் வரிசையாக நின்றார்கள். சுரங்க ரயில் சார்பில் பூங்கொத்து கொடுக்க வேண்டிய முறை தொசாவாவுக்கு வந்தது. கொடுத்தாள். உகாய் பேசினார். "அந்த மழை நாள்ல, உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே நான் இந்தக் கதவைத் திறந்தப்போ..." என்று ஆரம்பித்தவர், அழுதுவிட்டார். நடிப்பில்லை. மனிதர் அதை நம்பியே விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தொசாவா என் கடைக்கு வந்தாள்.

"நீ சொல்லியிருக்கலாமே, எல்லார் முன்னாடியும்?"

"சொல்லி? அந்த ஆளுகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு ஹிசாயோ சான். அதுவும் என்னோடது."

"அப்போ மன்னிச்சிட்டியா?"

"அவரையா? சேச்சே." சாப்பிடும் குச்சியை இரண்டாகப் பிரித்தாள். "டெம்புரா ஒண்ணு சேத்துப் போடுங்க. காலையிலேருந்து நிக்கறேன்."

அப்போது உகாய் பூங்கொத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு கடையைக் கடந்து போனார். நின்று, என்னைப் பார்த்து முறைப்படி குனிந்தார். நான் டெம்புராவை எண்ணெயில் போட்டுவிட்டு அது பொரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குக் குனியவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் போனார் என்று தொசாவா சொன்னாள்.