தபால்காரர் வராத தபால்பெட்டி

இங்கே தபால் வரும்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவில் நீளமாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். அதன் வழியே கடிதங்கள் தொப்பென்று தரையில் விழும். கொண்டுவந்தவர் முகம்கூடத் தெரியாது. இங்கிலாந்தில் பிளிமவுத்துக்கு நர்ஸ் படிப்புக்கு வந்த புதிதில் அது விநோதமாக மட்டும் இருந்தது. பரீட்சையில் தோற்ற பிறகு, அந்தச் சத்தம் கேட்டாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்பாவின் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வி: "பாஸாயிட்டியாம்மா?"

அப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குபவர். நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும், "எம்பொண்ணு சீமைக்குப் போவுதுங்க, நர்ஸாத்தான் திரும்பி வரும்" என்றார். அவருக்கு உண்மையை எழுதக் கை வரவில்லை. பொய் எழுதவும் வரவில்லை. மூன்று மாதம் எதுவுமே எழுதாமல் இருந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில், இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்றில், விடுதியில் பக்கத்து அறையில் இருந்த மார்கரெட் வந்து, "லெட்டர்பாக்ஸ் வரைக்கும் போகலாமா?" என்றாள். தெருமுனைச் சிவப்புப் பெட்டி என்று நினைத்துச் செருப்போடு இறங்கினேன். என் காலைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸில் ஏறி டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் போய், ஓக் மரக் காட்டுக்குள் சேற்றுப் பாதையில் ஏறினோம். காடு முடிந்த இடத்தில், ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டியவர்களின் கல்வீடு கூரையில்லாமல் நின்றது. மார்கரெட் சுவரிலிருந்து ஒரு கல்லை உருவினாள். உள்ளே ஒரு தகரப் பெட்டி; அதில் வந்துபோகிறவர்கள் எழுதிவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்.

"முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ஒரு கார்டை இதில் வைத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவர் எடுத்துப் போய்த் தன் ஊரில் தபாலில் சேர்ப்பார்" என்றாள்.

"யாரும் வராவிட்டால்?"

"இந்த மழையில் யார் வரப் போகிறார்கள்? வசந்தம்வரை இங்கேயேதான் கிடக்கும்."

அந்தப் பதில்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அவளிடம் ஒரு கார்டு வாங்கி, மாதக்கணக்கில் என் பையிலேயே கிடந்த ஸ்டாம்பை ஒட்டினேன். 'அப்பா, நான் பெயிலாகிவிட்டேன். மறுபடி எழுதலாம் என்கிறார்கள். உங்களிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.' சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தது போல நெஞ்சு லேசாகிவிட்டது.

அது இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. யாராவது வந்துவிட்டால்? கார்டைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று தனியாகப் போனேன். கார்டு இல்லை. நோட்டில் பென்சிலால் ஒரு வரி: 'இந்தியாவுக்கான கார்டை எடுத்துக்கொண்டேன்.' மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம்மூரில் கார்டு என்றால் போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தானே கொடுப்பார்!

ஒரு மாதத்துக்குப் பின் அப்பாவின் கவர் தரையில் விழுந்தது. வார்டு வேலை முடியும்வரை அதைப் பிரிக்கவில்லை. அப்பா பேசுவது போலவே எழுதுவார்.

"பெயிலு தானாம்மா? லெட்டரே இல்லாம, ஒனக்கு என்னமோ ஆயிடுச்சின்னு ஒங்கம்மா சரியா சோறு திங்கல. பெண்ணாடத்துலேர்ந்து மாமாவ வரவழைச்சி, ஒன்ன எப்படிக் கூட்டியாறதுன்னு பேசிக்கிட்டு இருந்தோம். அப்பத்தான் போஸ்ட்மேன் தெருமுனையிலேர்ந்தே, 'ஒங்க பொண்ணு நல்லா இருக்குதுங்க, பரீட்சைல பெயிலாம், அவ்ளோதாங்க'ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. அம்மா அழுதுகிட்டே சிரிச்சா. மறுபடி எழுது, ஆனா லெட்டர மட்டும் நிறுத்தாத. கார்டு ஓரத்துல யாரோ இங்கிலீஷ்ல, மழையில நனஞ்சிடுச்சி மன்னிச்சிக்குங்கன்னு எழுதியிருக்காங்களாம். எங்க கம்பெனி மேஸ்திரி படிச்சிச் சொன்னாரு. யாரும்மா அவரு? இதுல ஒரு சீட்டு வச்சிருக்கேன், அவருகிட்ட குடுத்துடு."

துண்டுச் சீட்டில் இரண்டே வரி: 'ஐயா, எம்பொண்ணு கார்ட சேத்ததுக்கு ரொம்ப நன்றிங்க. எங்க ஊருப் பக்கம் வந்தா வூட்டுக்கு வாங்க.'

விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பினேன். மூன்று மாதம் நான் எதற்குப் பயந்தேனோ, அது அவர்களுக்கு நல்ல சேதியாக இருந்திருக்கிறது.

அடுத்த முறை தேறினேன். அதற்கு முன்பே அந்தச் சீட்டின் பின்னால் அதை இங்கிலீஷில் எழுதி, கல்வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வசந்தத்தில் போய்ப் பார்த்தபோது அதைக் காணோம். எடுத்தவர் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. இந்த ஊர் பஸ்ஸில் எதிரே உட்காரும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் தோன்றும்: இவர்களில் யாரோ ஒருவருக்கு, நான் இல்லாத எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அப்பா கைப்பட எழுதியிருக்கிறார்.