பதிவில் இல்லாத வேலை

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். கரைசல்கள் தயாரிப்பதும், கருவிகளைப் பார்த்துக்கொள்வதும், பகுதி நேரமாக வேலை செய்யும் மாணவர்களை மேற்பார்வையிடுவதும் என் வேலை.

சில வருடங்களுக்கு முன் எங்களைப் போன்ற மேற்பார்வையாளர்களுக்குக் கல்லூரி அரை நாள் பயிற்சி வைத்தது. மாணவர்கள் இங்கே செய்யும் சின்னச் சின்ன வேலைகளை அவர்கள் பிறகு தேடப்போகும் வேலையோடு எப்படி இணைத்துக் காட்டுவது என்பதுதான் பேச்சு. நூலகத்திலிருந்து வந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நான்கு பக்கம் குறிப்பெடுத்தேன். என்னை யாரும் எதனோடும் இணைத்துக் காட்டியதில்லை, அதனால் இருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். டிப்ளோமா மாணவி. கண்ணாடிக் குடுவைகள் கழுவத்தான் எடுத்தோம். கழுவும்போதே எல்லாவற்றையும் கவனிப்பாள். ஒருநாள் ஒரு வகுப்பு முழுவதற்கும் முடிவுகள் தப்பாக வந்தன. விரிவுரையாளர் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். இவள் என்னிடம் வந்து, கரைசலின் செறிவு சரியில்லை என்று நினைப்பதாக மெல்லச் சொன்னாள். சோதித்துப் பார்த்தோம். தப்பு என்னுடையது.

அன்றே அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று. அதன்பிறகு கருவிகளைச் சரிபார்ப்பது, ரசாயன இருப்பைப் பதிவு செய்வது எல்லாவற்றையும் அவளிடமே விட்டேன். நேர்முகத் தேர்வில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பழக்கினேன்.

"பாட்டில் கழுவுனேன்னு மட்டும் சொல்லாதம்மா" என்பேன். "ரெண்டு வருசம் லேப்ல வேல செஞ்சேன்னு சொல்லு. அதான் உண்ம."

கடைசி செமஸ்டரில் பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் கேட்டார்கள். நான் விடுப்பு எடுத்து என் காடியிலேயே, நானே ஓட்டி, அழைத்துப் போனேன். வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. கரைசல் கதையைக் கேட்ட அதிகாரி அவளை உள்ளே அழைத்துப்போய்க் கூடத்தையே சுற்றிக் காட்டினாராம். கல்லூரிக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது மட்டும்தான் பாக்கி என்றாராம். திரும்பும் வழியில் பாக்கார் ஆராங்கில், எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் மீ கோரிங் சாப்பிட்டோம். தொழிற்சாலை வேன் எந்தச் சந்திப்பில் நிற்கும் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. எடுத்தது கல்லூரி அலுவலகம். அப்படி யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பகுதி நேர மாணவர்கள் ஊழியர் பதிவில் இல்லை. மாணவர் மன்றத்துத் தொண்டர்கள் என்றுதான் அவர்களை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பேச்சோடு பேச்சாக எனக்குத் தெரியவந்தது.

பதிவாளரிடம் போய், அவள் இங்கே வேலை செய்ததாக ஒரு கடிதம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வேலை என்று எழுதிக் கொடுத்தால் சேமநிதி கட்டவில்லையே என்ற கேள்வி வரும் என்றார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது இந்தக் கல்லூரிதானே என்று கேட்டேன். தர மதிப்பீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அப்படி ஒரு கோப்பு வேண்டியிருந்தது என்றார். கல்லூரிச் சாப் முத்திரை இல்லாமல் நானாக எந்தக் கடிதமும் எழுதக்கூடாது என்றும் சொன்னார்.

என் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதி மூன்று நாள் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். நான்காம் நாள்தான் தைரியம் வந்து தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அதற்கு முந்தின நாள் வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். இவளுடைய விண்ணப்பத்தில், கொடுத்த தகவல் பொய் என்று குறித்திருக்கிறார்களாம்.

பொருள் அறையில் வைத்து அவளிடம் சொன்னேன். மூன்று நாள் தாமதித்ததையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்ப நா பொய் சொன்னேன்னு எழுதி வச்சிருக்காங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அதன்பிறகு விண்ணப்பங்களில் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவள் எழுதவே இல்லை. அனுபவம் இல்லை என்று எங்கும் கூப்பிடவில்லை. இப்போது வேறொரு தொழிற்சாலையில், ஏஜென்ட் மூலமாக, பெட்டி கட்டும் வரிசையில் நிற்கிறாள். சான்றிதழ் வாங்க ஒருமுறை சீருடையோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுல தப்பு இல்லக்கா. அது யாருக்கும் தேவப்படல லா, அவ்வளோதான்" என்றாள். வேன் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டாள்.

நான் அங்கேயேதான் இருக்கிறேன். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இந்த செமஸ்டரில் குடுவை கழுவ இரண்டு மாணவிகள் வருகிறார்கள். ஒருத்தி போன வாரம், இந்த வேலையை ரெசுமேயில் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுக் கழுவப் போய்விட்டாள்.