கோலும் உண்டு, பெனால்டியும் உண்டு

அக்காவைக் கட்டியவர் என்பதால் அத்தான் என்று கூப்பிடுகிறேன். மற்றபடி அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயின்ட் ஆலையில் அவருக்குத் தரச்சோதனை வேலை. டப்பா மூடி ஒரு நூல் கோணலாக இருந்தாலும் சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஓடுகிற பெல்ட்டை நிறுத்திவிடுவார். அந்த பெல்ட்டில் மூடி போடும் தற்காலிக ஆள் நான்.

லீவு நாளில் அவர் பாஸ்கெட்பால் ரெஃப்ரி. அங்கே கை பட்டால் விசில், இடித்தால் விசில். ஐந்து ஃபவுல் செய்தவன் வெளியே. பெற்ற மகனையே அப்படி அனுப்பிவைத்த மகராசன். அக்கா மூன்று நாள் அவருக்குச் சமைக்கவில்லை.

ஆலைகளுக்கு இடையிலான ஃபுட்பால் ஃபைனலுக்கு வரவேண்டிய ரெஃப்ரி காய்ச்சலில் படுத்துவிட்டார். "ஃபவுல்னா எங்கயும் ஃபவுல்தானே" என்று அத்தான் வந்து நின்றார். மகனுக்கே இரங்காதவர் மச்சினனுக்கா இரங்கப் போகிறார் என்று எதிரணியும் ஒத்துக்கொண்டது.

ஜெயித்தால் எங்கள் அணியில் ஆடும் என்னைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். டிரா ஆனால் போன வருட சாம்பியனான எதிரணிக்கே கோப்பை. என் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு சரி.

முதல் பாதி முழுக்க விசில்தான். தோளோடு தோள் உரசினால்கூட ஊதினார். "தம்பி, உனக்கு நாலு ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்று ஒருவனை மிரட்டினார். மைதானமே சிரித்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். இன்னும் கோல் விழவில்லை. பெனால்டி கட்டத்துக்கு வெளியே பந்தோடு ஓடினேன். பின்னால் வந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தடுமாறியபடியே உதைத்தேன். விசில் கேட்டது. அதன் பிறகுதான் பந்து வலைக்குள் போனது.

அத்தான் முஷ்டியை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். "கோல் உண்டு. கூடவே ஒரு பெனால்டியும் உண்டு!"

பாஸ்கெட்பாலில் அதுதான் சட்டம். எறியும்போது இடித்தால், விழுந்த பந்துக்கும் கணக்கு, மேலே ஒரு எறியும் இனாம்.

எதிரணி அவரைச் சூழ்ந்துகொண்டது. "யோவ், நீ விசில் ஊதினப்பவே ஆட்டம் நின்னு போச்சு. அப்புறம் எங்கய்யா கோல்?" கோட்டோர நடுவரும் ஆமாம் என்றார். அத்தான் முகம் வெளுத்தது. கோலை ரத்து செய்து வெறும் ஃப்ரீ கிக் கொடுத்தார். நான் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஆட்டம் டிரா, கோப்பை அவர்களுக்கு.

"இழுத்தான், பாத்தேன், ஊதினேன். என்ன தப்பு மச்சான்?" என்றார் வெளியே வந்து.

"ரெண்டு செகண்ட் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்கும். இழுத்தாலும் பந்து நம்மகிட்ட இருந்தா விட்டுப் பிடிக்கணும். அதான் ஃபுட்பால். இனி என்கிட்ட பேசாதீங்க."

மாதக் கடைசி நாள். பெல்ட்டில் நான் போட்ட ஒரு மூடி கோணலாக விழுந்தது. அத்தான் கை பொத்தானுக்குப் போனது. என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. டப்பா அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குள் விழுந்தது.

பாவி மனுஷன் விட்டுப் பிடிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே நடந்தேன்.