இரண்டாவது மணியில் எடுப்பவர்

முதலியாரக்கா இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவருடைய வீட்டுத் தொலைபேசிதான் சொன்னது.

அன்று மத்தியானம் நான் வேலியோரம் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். காற்று விழுந்து, பருத்தித்துறைக் கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. பக்கத்து வீட்டில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. அதற்குள் அக்கா எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதும் அடித்தது. அந்த வீட்டில் மூன்றாவது மணியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நாலாவதில் ஊசியை வைத்துவிட்டு எழும்பினேன்.

கதவு திறந்தே கிடந்தது. அக்கா தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. வலது கை ரிசீவரின் மேல் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிற ஒவ்வொரு தரமும் விரல்கள் சாடையாக அதிர்ந்தன. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கன நேரமாகியிருந்தது. கையை விலக்கிவிட்டு நான் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பயந்துவிட்டேன். இருபத்திரண்டு தரம் அடித்துவிட்டு நின்றது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் எனக்கு யார் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து வராது. அவருடைய முப்பத்தோராம் நாளில் உங்களுக்கு வாசித்துக் காட்ட, நான் சொல்லச் சொல்ல அவருடைய பெறாமகள், அதாவது சகோதரியின் மகள், கௌரி எழுதுகிறாள்.

கோட்டு வழக்குகளில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்ப்பவரை அந்தக் காலத்தில் முதலியார் என்பார்கள். அக்கா அந்த வேலை செய்ததால் ஊர் அவருக்கு அப்படிப் பெயர் வைத்தது. இரண்டு வள்ளங்கள் மோதிய வழக்கு ஒன்றில் நான் சாட்சிக்குப் போனேன். விறாந்தையில் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். நான் பெருவிரலை மையில் தோய்த்துவிட்டேன். தூரத்தில் நின்ற ஒரு பெண் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உதிலை என்ன எழுதியிருக்கு?”

“எனக்கு எழுத்துத் தெரியாது, அம்மா.”

“தெரியாதவர் ஏன் அவசரப்படுறீர்? வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளும். கேக்கிறது உம்மடை உரிமை. கேக்காமல் வைச்சால் அது விரல் இல்லை, தலை.”

எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் கையைப் பிடித்துவிட்டாரே என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. தாளை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. மை காயும்வரை அந்த விரலைத் தனியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். அப்போது ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களில் பலருக்கு அங்கே இருக்க அனுமதிப் பத்திரம் இல்லை. அகதிக் கேஸ் தள்ளுபடியாகி, எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று இருந்தார்கள். யாரோ ஒரு தாய் கடிதம் எழுதுவிக்க வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் சொன்னது ஒன்றுதான்: “பிடிபடுற அண்டைக்கு யோசிக்க ஏலாது. யோசிக்கிறதை இண்டைக்கே யோசிச்சு முடிச்சிடுங்கோ.”

தன் வீட்டு நம்பரை வெளிநாட்டில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்குத் தொலைபேசியிலேயே பாடமாக்குவித்தார். பிடித்தவுடன் கைபேசியை வாங்கிவிடுவார்கள், தாளையும் வாங்குவார்கள், தலைக்குள் இருப்பதை வாங்க முடியாது என்பார். ஒரு பெடியன் கேட்டான், “ஏன் அக்கா, என்ரை மனிசிக்கு எடுத்தால் என்ன?”

“மனிசி அழும். கொம்மா மயங்கி விழுவா. உனக்கு ஒரு கோல்தான் தருவாங்கள். அதை அழுகைக்குச் செலவழிக்கப்போறியோ? நான் அழமாட்டன். எனக்கு எடு.”

அதனால்தான் இரண்டாவது மணிக்குள் எடுப்பார். எடுத்தால் ‘ஹலோ’ என்று சொல்வதில்லை. “பேர் என்ன? எங்கை வைச்சிருக்கினம்? கையெழுத்து வைச்சியோ?” இந்த மூன்றும்தான். பதில் வந்த பிறகு, “சாப்பிட்டியோ?”

விவரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கோட்டுச் சுருக்கெழுத்தில் எழுதுவார். எழுதியதும் வேலிக்கு வந்து எனக்கு வாய்விட்டுச் சொல்வார். எந்தக் குடும்பத்தின் லோயர் யார், தாய் தகப்பன் இருவரையும் பிடித்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவது, கடிதம் எங்கே இருக்கிறது என்று எல்லாம். “கொப்பி ஒரு பிரதி, துரை. நீர் மற்றப் பிரதி. எழுத்துத் தெரியாத ஆளுக்கு மறக்கத் தெரியாது” என்று பகிடி பண்ணுவார். இப்போது கௌரி அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கிறாள், ஒரு வரிகூட விளங்கவில்லை என்கிறாள். படித்த பிள்ளை. அந்தக் கொப்பிக்கு முன்னால் அவளும் நானும் ஒன்றுதான்.

இனி என் மகன் சுதனின் கதைக்கு வருகிறேன். அவனுடைய கேஸும் தள்ளுபடியானது. மனைவி மாலினி, இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா அவர்களுக்கு ஓர் ஒத்திகை வைத்தார். எல்லாக் குடும்பத்துக்கும் வைப்பதுதான். நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இனிப் பார்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை பின்னேரம். அங்கே காலை. கைபேசிப் படத்தில் அவர்களுடைய வீட்டு மேசை தெரிந்தது. அக்கா சொன்னார், “சுதன், நீ அந்தக் கதிரையிலை இரு. இண்டைக்கு விடிய உன்னைப் பிடிச்சாச்சு. நீ இல்லை. ஒரு சொல்லும் பறையப்படாது. மற்றவை ஒருத்தரும் அவனைப் பாக்கவும் கூடாது, கதைக்கவும் கூடாது. மாலினி, தொடங்கு.”

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மாலினி தேத்தண்ணி வார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்தாள், தனக்கு வைத்தாள், அவனுக்கு வைக்கவில்லை. அப்போதே சிரிப்பு நின்றுவிட்டது. சின்னவள் அபி, “அப்பா, அப்பா” என்று அவன் முழங்காலை உலுப்பினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மூத்தவள் தங்கையை இழுத்து, “அங்கை ஒருத்தரும் இல்லையடி” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. உண்மையாகவே வெறும் கதிரையைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

“கடிதங்களை எடு” என்றார் அக்கா. லோயருக்கான அதிகாரக் கடிதம், பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் கடிதம், கேஸ் பிரதிகள் எல்லாம் ஒரு பெட்டியில், சாமி அலுமாரிக்குள். எங்கள் ஆட்கள் பெறுமதியான எதையும் சாமிக்குக் கீழேதான் வைப்பார்கள். அலுமாரி பூட்டியிருந்தது. மாலினி திறப்பைத் தேடினாள். லாச்சிகளை இழுத்தாள், தலையணைகளைக் கிளப்பினாள், குசினிக்கு ஓடிப்போய் அடுப்படியெல்லாம் பார்த்தாள். சுதன் கதிரையில் அசையாமல் இருந்தான். அவன் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. அவனுடைய ஒரு கை சட்டைக்குள் போயிற்று. திறப்பு அவன் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. அவள் அவனைத் தாண்டித் தாண்டித் தேடுகிறாள். அவனால் வாய் திறக்க முடியவில்லை.

“பாத்தியளோ?” என்றார் அக்கா. “அவனோடை சேந்து திறப்பும் போயிட்டுது. மாலினி, எல்லாத்தையும் அரிசி வாளிக்குள்ளை வை. பூட்டு வேண்டாம். கடவுள் கோவிக்கமாட்டார்.”

முடிந்ததும் சுதன் அழுதான். “அக்கா, என்ரை செத்தவீட்டிலை நானே இருந்த மாதிரிக் கிடக்கு.”

“நல்லது. இண்டைக்குப் பயந்து முடி. அண்டைக்குப் பயப்பிட நேரம் இராது. விளங்காத பாஷையிலை எதுக்கும் கையெழுத்து வையாதை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு சொல்லு. எத்தினை தரம் கேட்டாலும் அதையே சொல்லு.”

அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்த பின்னேரம் மாலினி என் கைபேசிக்கு எடுத்தாள். முதல்நாள் விடியற்காலை வேலைக்குப் போன வழியில் சுதனைப் பிடித்துவிட்டார்கள். அவள் அழவில்லை. அரிசி வாளியைத் திறந்து, கடிதத்தை லோயரிடம் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு எடுத்திருந்தாள். ஆனால் அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று லோயருக்கும் தெரியவில்லை. இடம் மாற்றுகிறார்களாம். விரும்பிப் போகிறேன் என்று ஒரு தாள் இருக்கிறதாம். அதில் அவன் கையெழுத்து வைத்திருந்தால், விமானம் ஏற்றிய பிறகுதான் நமக்குத் தெரியவரும் என்றாள். “மாமா, அவர் முதலியாரக்காவுக்கு எடுத்தவரோ?” என்று கேட்டாள். முதல்நாள் அவனைப் பிடித்த விடியற்காலை இங்கே மத்தியானம். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு மணியையும் நினைத்தேன். “அக்கா போயிட்டா, பிள்ளை” என்று மட்டும் சொன்னேன்.

எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. உயிர் பிரிந்த இடத்தில் விளக்கு வைப்பது நம் வழக்கம். அக்கா நாற்காலியிலேயே போனதால் விளக்கைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் எல்லா நாளும் அதன் முன்னால் போய் இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த கௌரி, “மாமா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடை வீட்டைப் பூட்டப்போறம். இந்த லைனை வெட்டச் சொல்லட்டோ?” என்று கேட்டாள்.

“பிள்ளை, இந்த நம்பர் எத்தினையோ பேரின்ரை தலைக்குள்ளை கிடக்கு. அதை அங்கை போய் ஆர் அழிக்கிறது?” என்றேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று அக்காவுக்குப் பிடித்த கூழும் மீன்பொரியலும் படைத்துவிட்டு எல்லோரும் அந்த அறையில் இருந்தோம். மத்தியான நேரம். மணி அடித்தது. இருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். யாராவது எழும்பி எடுப்பார்களா என்று அவர்கள் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார்கள். இரண்டாவது மணி முடியுமுன் நான் எடுத்துவிட்டேன். வாயில் என் சொல் வரவில்லை. அவருடைய சொல்தான் வந்தது.

“பேர் என்ன?”

“அப்பா? நீங்களோ? நான் சுதன்.”

“எங்கை வைச்சிருக்கினம்?”

“அதை நான் அண்டைக்கே அக்காட்டைச் சொன்னனானே. உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“எண்டைக்கு?” என்றேன்.

“பிடிச்ச அண்டைக்கு. கன நேரம் அடிச்சுது, அப்பா. நான் எண்ணிக்கொண்டு நிண்டனான். இருபத்திரண்டு. வைப்பம் எண்டு நினைக்க அக்கா எடுத்தவ. அதே மூண்டு கேள்வி. கையெழுத்து வைக்கப்போறன் அக்கா, களைச்சுப்போனன் எண்டனான். வையாதை, மொழிபெயர்ப்பாளரைக் கேள் எண்டா. பிறகு சாப்பிட்டியோ எண்டா.”

“வைச்சியோ?”

“இல்லை. மூண்டு தரம் தாள் கொண்டுவந்தவங்கள். வைக்கேல்லை. இண்டைக்குத்தான் திரும்ப ஒரு கோல் தந்தவங்கள்.”

விளக்குச் சுடர் நேராக நின்று எரிந்தது. நான் திரும்பவும் கேட்டேன், “எங்கை வைச்சிருக்கினம்?” அவன் இடத்தின் பெயரைச் சொன்னான். வெளிநாட்டுப் பெயர், எழுத்தெழுத்தாகச் சொன்னான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஓசையாகப் பிடித்துக்கொண்டேன். கௌரி அதை மாலினிக்கு அனுப்பினாள். அன்றே லோயர் அங்கே போய்விட்டார். சுதன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஆனால் கையெழுத்து இல்லாததால் விமானம் ஏற்ற முடியவில்லை. மனு விசாரணைக்கு வருகிறது. எப்படி முடியும் என்று தெரியாது.

வைக்கும்போது அவன் சொன்னான், “அக்காட்டைச் சொல்லுங்கோ அப்பா, நான் வைக்கேல்லை எண்டு.”

“சொல்லுறன்” என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நாளை கீரிமலையில் அந்தியேட்டி. அக்காவின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வருவோம். லைனை வெட்ட வேண்டாம் என்று கௌரி சொல்லிவிட்டாள். வீட்டுத் திறப்பையும் என்னிடம் தந்திருக்கிறாள். நான் அதைக் கழுத்தில் மாட்டவில்லை, எல்லோருக்கும் தெரிய வாசல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அவருடைய மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன், நாலாவதையும்தான். அந்தக் குடும்பங்கள் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருக்கிறேன். மணி அடித்தால் இரண்டுக்குள் எடுத்துவிடுவேன். நான் வேலிக்கு அப்பால் நின்று பிந்திவிட்டால் யார் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று பயந்து எடுக்காமல் விட்டு, எட்டு நாள் அவரைக் காக்க வைத்தவன் நான். இனி அந்த வேலையை அவருக்கு வைக்கக்கூடாது.