வலி போன கால்

என் கால்களைப் பற்றி நான் யாரிடமும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பீங்கான் பொம்மைப் பட்டறையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவளுக்குக் கால் என்றாலே வலிதான். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யலாமே என்று கேட்பவர்கள் அந்த மேசையின் உயரத்தைப் பார்த்ததில்லை. தரை எப்போதும் களிமண் தண்ணீரில் நனைந்தே கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிவிடும். முழங்காலுக்குக் கீழே பச்சை நரம்புகள் முறுக்கிக்கொண்டு புடைத்து நிற்கும். அவை நரம்பே இல்லை, ரத்தக்குழாய் என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா திருத்தினார். என்ன பெயர் வைத்தால் என்ன, வலிப்பது எனக்குத்தானே?

எங்களுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. சூளையைத் திறந்து வெந்த பொம்மைகளை இறக்கி முடித்ததும், வாசலை அடைத்திருந்த செங்கற்கள் சூடு ஆறாமல் ஒரு ஓரமாகக் கிடக்கும். ஆளுக்கொரு கல்லை எடுத்துச் சாக்கில் சுற்றி, சோறு சாப்பிடும்போது அதன் மேல் பாதத்தை வைத்துக்கொள்வோம். சூடு மெல்ல ஏறி முழங்கால் வரைக்கும் போகும். அந்த அரை மணி நேரம் முதலாளியையும் மாமியாரையும் மறந்து உட்கார்ந்திருப்போம்.

எனக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பாதம் எரிந்தது, அப்புறம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச காலம் போனதும் அதெல்லாம் ஓய்ந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வலியே இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் வாசலிலேயே சொன்னேன்.

"செங்கல்லு வேலை செஞ்சிடுச்சுங்க. கால்ல வலியே இல்ல."

"அப்ப நாளைக்கு அந்தக் கல்லுக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுடுவோம்" என்று சிரித்தார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலுக்குப் போய் வெயிலில் வெறுங்காலோடு பிராகாரத்தைச் சுற்றி வந்தேன். கல் சுடவே இல்லை. சாமி கண் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பட்டறையில் எங்கள் கால்கள் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். களிமண் காய்ந்து விரல் நகம் வரைக்கும் பூசிக்கொள்ளும். ஒரு சாயங்காலம் குழாயடியில் கழுவும்போதுதான், பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகிற பெண் என் காலைப் பார்த்தாள்.

"யக்கா, இது என்னாக்கா, மெட்டி போட்ட விரலு இப்புடி கருத்துக் கெடக்குது?"

குனிந்து பார்த்தேன். மெட்டிக்கு அடியில் தோல் வெந்து உரிந்திருந்தது. செங்கல்லின் சூட்டில் வெள்ளி காய்ந்து விரலைச் சுட்டிருக்கிறது. எத்தனை முறை சுட்டதோ, எனக்குத் தெரியவே தெரியாது.

"மொதல்ல மெட்டியக் கழட்டுக்கா" என்றாள்.

"எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மெட்டியக் கழட்டச் சொல்றியா? வாயக் கழுவுடி" என்று சீறினேன். பாவம், முகம் சுண்டிப்போய் நகர்ந்துவிட்டாள்.

மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். வலிக்கவில்லை, அதனால் பயமும் வரவில்லை. விரல் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்தது. இன்னொரு மெட்டி அந்தக் காலிலேயே நன்றாக இருந்த அடுத்த விரலில் மினுக்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது நாற்றம்தான். "வூட்ல எலி செத்துக் கெடக்குது போல" என்று என் வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேடினார். பரணில் தேடினார். அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த என் காலருகில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆட்டோவைக் கிளப்பி என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, "கண்ண மூடிக்குங்க. குத்தறப்ப சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். அவர் என் கால்விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஊசியால் குத்தி முடித்திருந்தார். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

கணுக்காலுக்குக் கீழே விரலை வைத்து நாடியைத் தேடினார் டாக்டரம்மா. இடம் மாற்றி மாற்றித் தேடியும் கிடைக்கவில்லை. பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துவிட்டது, ரத்தம் போகாத சதை செத்துக்கொண்டிருக்கிறது என்றார். "உங்களுக்கு வலி போகலம்மா. வலியச் சொல்ற நரம்புதான் போயிடுச்சு."

நான் கொண்டாடியது இதைத்தானா? அந்த அம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. எனக்கு என் கால் வேண்டும். வலிக்கிற காலாக இருந்தாலும் பரவாயில்லை, என் கால் எனக்கு வேண்டும் என்று சத்தம் போட்டேன். முதலில் விரலை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார்கள். மெட்டியை வெட்ட நர்ஸ் கட்டரோடு வந்தபோது காலை இழுத்துக்கொண்டேன்.

"வெட்டுங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "நான் இருக்கறதுக்கு அந்த வெள்ளியா சாட்சி?" என்றார்.

சதைக்குள்ளிருந்து பிடுங்கித்தான் எடுத்தார்கள். அதுவும் வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்றுதான் அழுதேன்.

விரலை எடுத்த புண் ஆறவில்லை. பாதம் முழுக்கக் கருத்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தேன். வலி. எத்தனையோ காலமாக இல்லாத வலி. அந்தப் பாதத்தில், அந்த விரலில், மெட்டி எலும்பு வரைக்கும் இறுக்கியது.

"ஏங்க, மெட்டி இறுக்குது. தாங்க முடியல. கழட்டி வுடுங்க."

அவர் என் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகப் படிந்து கிடந்தது. எங்கள் கல்யாணத்தன்று அம்மி மேல் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டுவிட்டவர், அதற்குப் பிறகு என் பாதத்தைத் தொட்டதே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தத் தட்டைப் போர்வையின் மேல் கையை வைத்தார். இரண்டு விரலால் மெல்லத் திருகி எதையோ உருவினார்.

"கழட்டிட்டேன். இப்ப எப்படி இருக்குது?"

"அப்படியேதான் இறுக்குதுங்க" என்றேன்.