எதிர்ச்சுற்று

குன்செஸைக் கேலி செய்ய ஊருக்கு ஒரே ஒரு சங்கதிதான் கிடைத்தது. அவள் வலம் தவறமாட்டாள். வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர் வந்தால், முதுகில் புல்லுக்கட்டோடு சகதியில் இறங்கியாவது, சுவர் வலப்பக்கம் இருக்கும்படிதான் போவாள். "டிராக்டரைக்கூட வலம் வந்துட்டுத்தான் ஏறுவா" என்று பெண்கள் சிரிப்பார்கள். மாமனார் பல்ஜோருக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஆனால் வாய்விட்டு மெச்சியதில்லை. மெச்சினால் மருமகள் கெட்டுப்போவாள் என்று அந்தத் தலைமுறைக்கு ஒரு நினைப்பு.

ஊருக்கு மேலே, ஸ்கிதாங் மலையுச்சி அரண்மனையின் சாவி வீட்டுக்கு வீடு முறைவைத்து மாறும். ராஜாக்கள் என்றோ போய்விட்டார்கள், புறாக்கள்தான் குடியிருக்கின்றன. ஆனாலும் உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு அமர்ந்திருக்கும் புத்தருக்கு விளக்கு அணையக் கூடாது. அந்த மாதம் அவர்கள் வீட்டு முறை. கணவன் எல்லையில் சாலை வேலைக்குப் போயிருந்ததால் சாவி குன்செஸின் இடுப்பில் தொங்கியது.

அறுவடைப் பண்டிகை நாள். மழையை அதிகம் பார்க்காத ஊரில் மூன்று நாள் கொட்டித் தீர்த்துவிட்டு அன்றுதான் வெறித்திருந்தது. மண்கூரையெல்லாம் ஊறிக் கனத்துக் கிடந்தது. ஜனங்கள் முதல் பார்லிக் கதிரோடு ஏறி வந்தார்கள். புத்தரின் முகமட்டத்தில் சிலையைச் சுற்றி ஒரு மரநடை ஓடுகிறது, ஒற்றை ஆள்தான் போகலாம். மாமனார் முன்னே போக, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் மந்திரம் சொல்லியபடி நகர்ந்தார்கள். கீழே குன்செஸ் வெண்ணெய் விளக்குகளுக்குத் திரி தூண்டிக்கொண்டிருந்தாள்.

புத்தர் முன் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் மண் உதிர்ந்தது. துடைத்தாள். மறுபடி உதிர்ந்தது. சிலைக்குப் பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தாள். நடையைத் தாங்கும் உத்தரம் நடுவில் பிளந்திருந்தது.

படியேறி ஓடினாள். வரிசையின் கடைசியில், அவளை அக்கா முறையில் 'அச்சே' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ரிக்ஸின் நின்றாள்.

"திரும்புங்க எல்லாரும். பின்பக்கம் உத்தரம் ஒடியுது."

"நீயா சொல்றே, அச்சே? பாதிச் சுத்துல யாரு திரும்புவா?"

முன்னால் இருந்தவர்களுக்கு மந்திரச் சத்தத்தில் எதுவும் எட்டவில்லை. மாமனார் மூலை திரும்பிக்கொண்டிருந்தார். இவர்களைத் தாண்டி அவரிடம் போக இடமில்லை. மறுபக்கமாகப் போகலாம், எதிர்ச்சுற்றாக. பிளந்த இடத்தையும் கடந்தாக வேண்டும்.

குன்செஸின் கால் ஒரு கணம் எழவில்லை. பிறகு எழுந்தது. சுவரோடு ஒட்டி நடந்தாள். பிளவின் மேல் பலகை ஒரு விரல் அளவு தாழ்ந்து, முனகியது. கடந்துவிட்டாள்.

எதிரே வந்த மருமகளைக் கண்டு பல்ஜோரின் மந்திரம் பாதியில் நின்றது.

"எந்தப் பக்கமா வர்றே?"

"அபா-லே, திரும்புங்க. முன்னால தரை நிக்காது."

"எழுபது வருஷம் சுத்தியிருக்கேன். முடிச்சுட்டு வந்து பேசறேன், தள்ளு."

அவள் தள்ளவில்லை. நடையின் குறுக்கே படுத்துவிட்டாள். "அப்போ என்னைத் தாண்டிப் போங்க."

படுத்த ஆளைத் தாண்டுவது அங்கே பெரும்பாவம். கிழவர் அவளையே பார்த்து நின்றார். பிறகு திரும்பினார். அவர் திரும்பியதும் வரிசையே திரும்பியது.

கடைசி ஆளாகக் குன்செஸ் படியில் கால்வைத்தபோது பின்னால் பின்பக்க நடை மொத்தமும் இடிந்து விழுந்தது. புழுதியில் விளக்குகள் மங்கின, அணையவில்லை.

வெளியே முற்றத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. நன்றி இருந்தது, கூடவே பயமும் இருந்தது. புத்தரை இடமாகச் சுற்றியவளிடம் என்ன சொல்வது? அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

பல்ஜோர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். முற்றத்து ஸ்தூபியருகே போய், எல்லோரும் பார்க்க, எதிர்ச்சுற்றாக நடக்க ஆரம்பித்தார்.

"மேமே, என்ன பண்றீங்க?" ரிக்ஸின் பதறினாள். "நீங்கதான் மேலேயே பாதியில திரும்பிட்டீங்களே, அது போதாதா?"

"அது அவ திருப்பிவிட்டது. இது நானா போறது." கிழவர் நிற்கவில்லை. "பாவம்னா எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்."

ஒரு சுற்று முழுதாக முடித்துவிட்டு வந்து, மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.