எழுத்து உரிந்த கார்டு

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடம் முன்பு, வெள்ளைக்காரன் ஆட்சியில் நடந்தது இது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு கிணறு, நாலு கொடிக்கயிறு, துணி தேய்க்க ஒரு கரிப்பெட்டி, இவ்வளவுதான் எங்கள் டோபிக் கடை. அதுவரை இன்னொருவரிடம் கூலிக்குத் துவைத்துக்கொண்டிருந்த நானும் என் மனைவியும் அப்போதுதான் தனியாகத் தொடங்கியிருந்தோம்.

எனக்குப் பயந்த சுபாவம். வெயில் அடித்தால் சாயம் வெளுக்குமோ என்று பயம். மேகம் கறுத்தால் துணி காயாதோ என்று பயம். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் வேறு. படித்தவர்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரிய கடைக்காரர்கள் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவதையும், வாங்குகிறவர் முகத்தில் ஒரு மரியாதை வருவதையும் பார்த்திருக்கிறேன். நாம் பேச முடியாததைக் கார்டு பேசட்டுமே என்று தோன்றியது.

தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் அச்சுக்கூடத்துக்குப் போனேன். மனு எழுதும் ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கிய தாளை நீட்டினேன். அதில் எதுவும் விட்டுப்போகவில்லை. கஞ்சி போடுவோம், பட்டைத் தனியாகத் துவைப்போம், பட்டன் விழுந்தால் தைத்துத் தருவோம், மழை பெய்தால் ஒரு நாள் பொறுக்கவும், மன்னிக்கவும். இவ்வளவும் ஆங்கிலம், தமிழ், மலாய் மூன்றிலும்.

தவுக்கே மலாயும் தமிழும் கலந்து பேசுவார். தாளைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "தம்பி, இது காட் இல்ல, சூராட் கபார்! பேப்பர் விக்கிறவன்கிட்டதான் குடுக்கணும். நீ யாரு, எங்க இருக்கே, அது போதும்."

எழுதாத ஒன்றைச் சொல்லி யாராவது சண்டைக்கு வந்தால் என்ன செய்வது? ஓர் எழுத்தையும் நான் குறைக்க விடவில்லை. அட்டையின் முன்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டும் என்றும் அடம்பிடித்தேன்.

"அது தண்ணி பட்டா உரியும் தம்பி. நீ தண்ணியிலேயே நிக்கிற ஆளு."

கேட்கவில்லை. அச்சடித்து வந்ததை வீடு வீடாகக் கொடுத்தேன். அடுத்த வாரமே காப்பிக்கடையில் ஆடுகிற மேசைக்கால் ஒன்றுக்கு அடியில் என் கார்டு நாலாக மடிந்து கிடந்தது. பின்தெருவில் ஒரு செட்டி வீட்டம்மா அதைக் கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. ஆனா அட்டை நல்லா வழவழன்னு இருக்கு, இன்னும் ரெண்டு குடு" என்று மலாயில் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

டோபிக்காரர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைப்போம். சேராங்கொட்டைச் சாற்றில் குச்சியைத் தோய்த்து, கழுத்துப்பட்டியின் உள்ளே புள்ளி, கோடு, கொக்கி என்று இடுவது. எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. எங்கள் கடையில் அது என் மனைவியின் வேலை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வீட்டுக் குறியும் அவள் தலைக்குள் இருந்தது.

மீந்துபோன கார்டுகளை அவள் எடுத்துக்கொண்டாள். பளபளப்பில்லாத பின்பக்கத்தில் அந்தந்த வீட்டுக் குறியைப் போட்டு, தேய்த்து மடித்த சட்டையின் பைக்குள் செருக ஆரம்பித்தாள். "அழுக்குத் துணி போடும்போது இதையும் சேத்துப் போடச் சொல்லுங்க. மூட்டை மாறாது" என்றாள்.

எனக்கு மானம் போனது. ஆங்கில எழுத்துக்குப் பின்னால் சேராங்கொட்டைக் கறையா என்று கத்தினேன். "பின்பக்கத்த யாரு பாக்கப் போறா?"

"முன்பக்கத்தத்தான் யாரும் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டை எடுத்தாள்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகலில் ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவர் வந்தார். தமிழர்தான். உள்ளங்கையில் ஊறிக் காய்ந்த ஓர் அட்டை. "அண்ணே, இது ஒங்க கார்டா பாருங்க."

பளபளப்பு முழுக்க உரிந்து, அதோடு மூன்று மொழியும் போயிருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. பின்பக்கம் மட்டும் மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும், இப்போதுதான் வைத்தது போலக் கருகருவென்று நின்றன.

கிளேபாங் கடலோரத்தில், அலை வந்து போகும் இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தாராம். தலையில் காயம், நினைவே இல்லை. இரண்டு நாளாக யார் என்று தெரியவில்லை. சட்டைப்பையில் இந்த அட்டை. கழுத்துப்பட்டியிலும் இதே குறி. டோபி வைத்த குறி என்று புரிந்துகொண்டு, மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார். "சொந்தக்காரங்க வந்தாத்தான் டாக்டருக்கு எதாவது தெரியும்ணே. ஆளு தேறுற மாதிரி இல்ல."

என் மனத்தில் போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டுப் படியும்தான் ஓடின. தலையில் அடித்தது யார் என்று என்னைக் கேட்பார்கள். கடையை மூடச் சொல்வார்கள். "இல்லைங்க, இது எங்களது இல்லை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல்!

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். வாசலைக்கூடத் தாண்டியிருப்பார். உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தவள் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "நில்லுங்க தம்பி! அதக் காட்டுங்க."

ஒரு பார்வைதான். "மூணு புள்ளி, கீழ ஒரு கொக்கி. துணிக்கடை பாய் வீடு. காஜா பெராங் ரோட்டுல பச்சக் கதவு. வாங்க, நான் காட்டுறேன்." படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம குறிய நாமளே இல்லைன்னா, அந்த மனுசன யாருங்க ஆமான்னு சொல்றது?"

பாய் கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, துணி விற்கப் போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் திரும்புவார். அதனால் அவர் வீட்டில் யாரும் தேடவில்லை. அவருக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்று பாயின் மனைவி போய்ச் சொன்ன பிறகுதான், யாரும் அடிக்கவில்லை, வலிப்பு வந்து விழுந்ததில் பட்ட காயம் என்று டாக்டருக்கு விளங்கியது. மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் நாள் பாய் கண் திறந்தார்.

அந்த அட்டையை அட்டெண்டர் எங்களிடமே விட்டுப் போயிருந்தார். அதை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்று தெரியாது. படிக்காதவள் ஒரு குச்சியால் வைத்த நாலு தீற்றல், கடல் தண்ணீரிலும் கரையாமல் கிடந்து, ஒரு மனிதனை அவன் வீட்டுக் கதவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. முப்பது வீடுகள் அவள் விரல் நுனியில் இருந்ததை அவ்வளவு நாள் கூடவே இருந்தும் நான் பார்க்கவில்லை.

பாய் நடமாடத் தொடங்கியதும் எங்கள் கடைக்குத்தான் முதலில் வந்தார். "தங்கச்சி, என் கார்டு கடல் தண்ணியில போச்சு. இன்னொண்ணு போட்டுக் குடு. இனிமே அது இல்லாம நான் வெளிய இறங்க மாட்டேன்" என்று சிரித்தார். நான் குனிந்து கரியை ஊதிக்கொண்டிருந்தேன். நான் 'இல்லை' என்று சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை, யாரிடமுமே சொன்னதில்லை. இப்போது நானே எழுதிவிட்டேன்.

மறுபடி தவுக்கேயிடம் போனேன். சாதாரணத் தடித்த அட்டை, முன்னால் 'டோபி, காஜா பெராங்' என்று ஒரே வரி, பின்னால் அவள் குறிக்காக வெறுமை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் இது காட்" என்றார். அந்தக் கார்டுகளை யாரும் மேசைக்காலுக்கு வைக்கவில்லை.

இன்றும் ஒருவருக்குக் கார்டை இரண்டு கையாலும்தான் நீட்டுகிறேன். தேடி வருகிற நாளில் 'ஆமாம், நான்தான்' என்று வாசலில் வந்து நிற்பேன் என்ற வாக்கையும் சேர்த்தல்லவா அதில் வைத்துக் கொடுக்கிறேன்.